ஆயிரம் ரூபாய்ப் பட்டம்

காலை ஐந்தரைக்கு ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆளேற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி இருக்கிறான். லட்சுமிகாந்த் எழுதிய இந்திய ஆட்சியமைப்பு நூலின் தமிழ்ப் பதிப்பை முதுகுத் தையலோடு மூன்றாகப் பிரித்து, ஒரு பாகத்தை மட்டும் டிபன் பைக்குள் வைத்திருப்பான். முழுப் புத்தகம் பைக்குள் அடங்காதாம். அரசியல் அறிவியலில் பி.ஏ. முடித்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் ஆள். வேலைக்குச் சேரும்போது பட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, பிளஸ் டூ சான்றிதழை மட்டும் நீட்டினான். “டிகிரின்னு சொன்னா நிக்க மாட்டான்னு நெனச்சு எடுக்க மாட்டாங்கண்ணா” என்றான்.

மறைத்து வைத்தால்தான் வேலை தரும் பட்டத்துக்கு என்ன விலை? சட்டத்தில் ஒரு விலை எழுதியிருக்கிறது. 2019-இல் திருத்திய தொழில்பழகுநர் விதிகளின்படி எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவராக இருந்தாலும் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000. வித்தியாசம் ஆயிரம் ரூபாய். அதுவும் காகிதத்தில்தான். வாகனமும் கைக்கடிகாரமும் மின்னணு உதிரிபாகமும் செய்கிற இந்த ஊரில் லைனுக்குக் கேட்பது ஐ.டி.ஐ., டிப்ளமோ, இல்லையென்றால் வெறும் பிளஸ் டூ. பிளேட்டோ படித்தவனை யாரும் தேடி வருவதில்லை.

பட்டத்துக்கு என்ன விலை என்கிற கேள்வி அமெரிக்காவில் கல்விக்கடனிலிருந்து எழுகிறது. நம் அரசுக் கலைக் கல்லூரியில் கட்டுவது சில ஆயிரம் ரூபாய்தான். அதனால் ‘செலவே இல்லாத படிப்பு’ என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் செலவு பணமாக வெளியே போவதில்லை, வராத சம்பளமாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டாலும் மூன்று வருஷத்துக்கு 5,40,000. பட்டம் வாங்கியபின் அரசுப் பணித் தேர்வுக்கென்று இன்னும் மூன்று வருஷம் வீட்டில் இருந்தால் 10,80,000. கிருஷ்ணகிரியின் பயிற்சி மையங்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டியும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. போட்டால் தூக்கம் வராது.

தேர்வில் வென்றுவிட்டால் சரியாகிவிடுமே என்பார்கள். உண்மைதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500, படிகள் சேர்ந்தால் 30,000-ஐத் தாண்டும். விட்ட பத்து லட்சத்தை ஆறேழு வருஷத்தில் மீட்டுவிடலாம். ஆனால் 2022-இல் அறிவித்த 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர், அதாவது ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். அதைவிடப் பெரிய வேடிக்கை, குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் பட்டம் வேண்டும், ஆனால் பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் செல்லும். ‘பாலிட்டி’ அந்தத் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி, அவ்வளவுதான். ‘அரசியல் அறிவியல் எடுத்தால் டி.என்.பி.எஸ்.சி. சுலபம்’ என்பது சேர்க்கை நேரத்தில் சொல்லும் பாதி உண்மை. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களில் 1,750-க்கு 500 மதிப்பெண் விருப்பப் பாடத்துக்கு, அங்கே அரசியல் அறிவியல் கைகொடுக்கும். ஆனால் பொறியியல் படித்தவர்களும் அதே விருப்பப் பாடத்தை எடுத்து எழுதுகிறார்களே!

வாத்தியார் வேலை? இந்தப் பாடத்தில் பி.ஏ. மட்டும் இருந்தால் தமிழ்நாட்டில் பி.எட். சேர முடியாது, எம்.ஏ.வும் வேண்டும். மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு வருஷம்.

இனி மறுபக்கம். இந்தப் பட்டத்தின் உண்மையான பண மதிப்பைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. பட்டம் தேவைப்படும் பதவிக்குப் பள்ளியின் முதல் வகுப்பிலிருந்து பட்டம்வரை தமிழ் வழியாக இருக்க வேண்டும். ஆங்கில வழிப் பொறியாளர் நுழைய முடியாத வரிசை அது. தமிழ் வழி பி.ஏ.வுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் மாநில எல்லை குறுக்கே வந்து நிற்கிறது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ பள்ளி முடித்த பிள்ளைக்கு அந்த வரிசை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் இல்லை.

பாடமாக எடுத்துக்கொண்டால் இந்த ஊரைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்? 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை தனியார் நிறுவனங்களின் மேலாண்மைப் பணிகளில் பாதியையும் மற்றவற்றில் 70 விழுக்காட்டையும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. எல்லையோர அத்திப்பள்ளி தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் அறிவிப்பு வந்தது. பெங்களூரு நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிது கூடாது என்கிற ஒப்பந்தம் வழியில் நிற்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் எந்த மாநிலத்தைக் கேட்பது? கூட்டாட்சி என்பதை வேறெப்படி விளக்குவது?

ஆனால் கல்லூரி வகுப்பறை இதையெல்லாம் தொடுவதில்லை. நம் தம்பியிடம் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். தெரியவில்லை. அப்போது அவன் அதன்கீழ்தான் வேலை பார்த்தான். மாண்டெஸ்கியூவின் அதிகாரப் பிரிவினையை மட்டும் மூச்சுவிடாமல் சொன்னான். பாடம் தப்பில்லை, பாடத்திட்டம்தான் தப்பு. தொழிலாளர் சட்டமும் ஊராட்சிக் கணக்கும் நில எடுப்பு நடைமுறையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் வக்கீல் அலுவலகம், தொழிற்சங்கம், பத்திரிகை என்று சில கதவுகளாவது திறக்கும். சம்பளம் அங்கேயும் கொஞ்சம்தான். மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சேர்க்கைப் படிவம் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்து, மூன்று வருஷம் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு ஓடும் என்றால் தாராளமாகச் சேருங்கள். தேர்வுக்கு இத்தனை முறைதான் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். வீடு ஓடாது என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே படியுங்கள், இக்னோவிலும் இந்தப் பாடம் இருக்கிறது.