ஏட்டில் ஏறிய எதிர்ப்பு

கிராம சபையைப் பற்றித் தமிழ்நாட்டில் இரண்டு பேச்சுகள் உண்டு. மேடையில் பேசுகிறவர்களுக்கு அது மக்களே நேரில் ஆளும் மன்றம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிகரானது. டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு அது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கும் சடங்கு. இரண்டில் எது சரி என்று கேட்டால், டீக்கடைதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதுவும் பாதி தூரம்தான் வருகிறது.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கூட்டப் பொருள் பட்டியலின் பெரும்பகுதி மேலிடத்திலிருந்து வந்துவிடும்: வரவு செலவு, குடிநீர், டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. ஊராட்சித் தலைவர் தலைமை வகிப்பார். பக்கத்தில் அரசு அனுப்பிய பற்றாளர் இருப்பார். ஊராட்சிச் செயலர் மூச்சு விடாமல் வாசித்து முடிப்பார். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000-ஐத் தாண்டிய ஊராட்சியில் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டிவருவதன் சூட்சுமம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கேட்டால் பதில் வராத இடத்துக்கு மற்றவர்கள் தாமாக வருவதில்லை. கணக்கை நிரப்ப யாராவது வேண்டுமே.

2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு உலகத் தண்ணீர் நாளும் (மார்ச் 22) உள்ளாட்சிகள் நாளும் (நவம்பர் 1) சேர்ந்தன. கூட்டம் கூடியது, அதிகாரம் கூடவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம், தணிக்கை அறிக்கையைக் கேட்கலாம், நடக்கும் பணிகளை அலசலாம். ஆனால் ஊரின் நிலத்தையே ஒரு சுரங்கத்துக்கோ விமான நிலையத்துக்கோ கேட்கும்போது, 'முடியாது' என்று எழுதிய தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. சாதாரண மனிதர் கிராம சபையை அரசியல் கருவியாகக் கையிலெடுப்பதோ பெரும்பாலும் இந்த 'முடியாது' என்பதற்காகத்தான்.

அதற்குச் சட்ட வலு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சாட்சி. வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்காக அங்கே பாக்சைட் வெட்ட ஏற்பாடாகியிருந்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை முன்வைத்து, கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர்கள் மட்டும். டோங்கிரியா கோந்த் மக்கள் வாழும் மலையில் இன்னும் எத்தனையோ ஊர்கள் இருந்தும் அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டும், மாவட்ட நீதிபதியின் கண்முன்னே, ஒன்றுவிடாமல் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதியை மறுத்தது. அங்கே தீர்மானமே தீர்ப்பானது.

அதே வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் கிடைத்தது. 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு. 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் அதற்குள் வந்தது. தீபாவளியை ஒட்டித் தள்ளிவைக்கப்பட்டிருந்த உள்ளாட்சிகள் நாள் கிராம சபை நவம்பர் 23 அன்று கூடியபோது அரிட்டாபட்டியும் சுற்றுப்பட்டு ஊர்களும் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதைக் கிராம சபையின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். சுரங்க அமைச்சகம் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டுப் பின்வாங்கவில்லை. நடைபயணத்துக்கும், மாநிலத்தின் எல்லாக் கட்சிகளும் ஒரே பக்கம் நின்ற அரசியல் கணக்குக்கும் பணிந்தது. எதிர்க்கப்பட்டது தில்லியின் ஏலம் என்பதால் சென்னைக்கு ஆதரிப்பதில் சிரமமே இருக்கவில்லை.

சென்னையின் சொந்தத் திட்டமாக இருந்தால்? காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரைப் பார்க்கலாம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022இல் அறிவித்தார்கள். 13 ஊர்களில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. ஏரிகளும் நெல்வயல்களும் அதில் அடக்கம். அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானத்தை ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. 2024 மக்களவைத் தேர்தலை ஊரே புறக்கணித்தது. திட்டம் நிற்கவில்லை, அடுத்தடுத்த ஒப்புதல்களைப் பெற்றபடியே இருந்தது. நிலம் எடுப்புக்கான 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காடு, அரசு தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காடு குடும்பங்களின் சம்மதத்தைக் கேட்கிறது. அரசே தனக்காக எடுத்தால் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குத் தொழில், நெடுஞ்சாலை போன்றவற்றுக்கான தன் பழைய சட்டங்களை அந்த மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிவைத்தது தமிழ்நாடு. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாது என்றதும் புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மேலூருக்காகச் சட்டமன்றத்தில் கை தூக்கிய அன்றைய ஆளும் கட்சிக்கு ஏகனாபுரத்தின் ஏடு கண்ணில் படவில்லை. இந்த இரட்டை அளவுக்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அப்படியானால் எல்லா ஊருக்கும் தடுப்பதிகாரம் கொடுத்துவிடலாமா? இங்கே நான் தயங்குகிறேன். பதின்மூன்று ஊர்கள் மறுத்தால் ஒரு மாநகரின் தேவை அப்படியே நின்றுவிட வேண்டுமா என்பது லேசான கேள்வி அல்ல. அதைவிடப் பெரிய தயக்கம் 'ஊர்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. தனித்தொகுதியான அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதியினர் தலைவராக முடியாதபடி பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்து, 2006இல்தான் வழிவிட்டார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்த செய்தி 2020இல் வந்தது. ஊர் ஒருமனதாகச் சொன்னது என்னும்போது, அந்த ஒருமனதில் காலனியின் மனது இருந்ததா என்று கேட்காமல் நகர முடியாது. சுரங்கத்தை மறுக்கும் அதே கைகள் நாளை ஒரு சுடுகாட்டுப் பாதையையும் மறுக்கலாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. இன்றைய நிலையில் கிராம சபைத் தீர்மானம் அதிகாரம் இல்லாத ஆவணம். ஆனால் பயனற்ற ஆவணம் இல்லை. பத்துப் பேர் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவைத் தனிப்பட்ட அதிருப்தி என்று ஒதுக்கலாம். எண்ணும் நாளும் இட்டு அரசின் பதிவேட்டிலேயே ஏறிய எதிர்ப்பை அப்படி ஒதுக்க முடியாது. நீதிமன்றத்தில் அதைச் சான்றாக வைக்கலாம். போலீஸைப் பார்த்துப் பயப்படுகிறவரும் கிராம சபையில் கையெழுத்துப் போடுவார். நியமகிரியில் சட்டமும் மேலூரில் நடைபயணமும் அந்தத் தாளுக்கு வலுச் சேர்த்தன. ஏகனாபுரத்தில் ஊருக்கு உறுதி குறையவில்லை; குறைந்தது சட்டமும் சென்னையின் மனமும்தான்.

முழுத் தடுப்பதிகாரம் கேட்பவர்களோடு நான் இல்லை. நிலத்தையும் நீரையும் பறிகொடுக்கப்போகும் ஊரின் தீர்மானத்துக்கு, குறித்த நாளுக்குள், காரணம் சொல்லி, எழுத்தில் அரசு பதில் தர வேண்டும். தரும்வரை திட்டத்தில் அடுத்த அடி வைக்கக் கூடாது. இதைச் சட்டமாக்குவது சாத்தியம், போதுமானதும்கூட. அரசின் பதில் அரைகுறையாக இருந்தால் அதையே நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகலாம். தீர்மானத்தில் காலனி மக்களின் கருத்தும் தனியே பதிவாக வேண்டும் என்பதை அதே சட்டத்தில் எழுதலாம்.

அதற்கெல்லாம் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இருக்க வேண்டும். 2016 முதல் 2019 வரை இங்கே ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2019 இறுதியில் தேர்தல் நடந்த, இன்றைய கணக்கில் 28 மாவட்டங்களிலுள்ள ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் வரவில்லை; மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மதுரையும் அந்த 28இல் ஒன்று. டங்ஸ்டன் ஏலம் சில வாரங்கள் தாமதித்து வந்திருந்தால், அரிட்டாபட்டியின் எதிர்ப்பைத் தீர்மானமாக எழுதும் கூட்டத்துக்கு ஓர் அரசு அதிகாரிதான் தலைமை வகித்திருப்பார்.