அடித்தல் இல்லாத பக்கம்

திண்டிவனத்தில் நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், பேச்சு வழக்கம்போல் எழுத்தின் சீரழிவுக்கு வந்து சேர்ந்தது. செல்போன் வந்தது, எழுத்து போயிற்று என்றார் ஒருவர். ஆதாரமாய் அவர் காட்டியவை இரண்டு: பையன்களின் கையெழுத்து, ரகர றகரக் குழப்பம். எல்லோரும் தலையாட்டினோம் – நானும்தான். இப்போது யோசிக்கையில் இரண்டுமே விஷயத்தின் மேல்தோல் என்றே படுகிறது.

பிழையை எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கிறது. ஏடு பெயர்த்தெழுதிக் கொடுப்பதைத் தானமாய்க் கருதிய மரபு அது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை கிடையாது. இன்றைய வாத்தியார் கையில் கொடுத்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மைதான். ஆனால் எழுதத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. செஞ்சியை ஒட்டிய திருநாதர் குன்றுக்குப் போனால் இன்னும் தெளிவாய்த் தெரியும். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றி அங்கே பாறையில் வெட்டியிருக்கிறது. ஒரு முழு மரணத்துக்கு அவ்வளவு சிறிய இடம்தான். உளி பிடித்தவன் எதை விடுவது என்று முன்னமே தீர்மானித்தாக வேண்டும். என் அக்கறை இந்தத் தீர்மானத்தைப் பற்றியது.

விழுப்புரத்தில் திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கையால் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவரைச் சில வாரங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாள் பட்டா விஷயமாய் வந்தாள். புருஷன் செத்த மழைக்காலம், கொழுந்தன் பேசிய பேச்சு, கிணறு, விற்றுப்போன ஆடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்தன. அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “சரிம்மா, இப்ப ஒனக்கு இன்னா வேணும்?” என்றார். அவள் திகைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. அனுப்புநர், பெறுநருக்குக் கீழே ‘பொருள்’ என்று ஒரு வரி வருமே, அது அந்த மௌனத்தில்தான் கிடைத்தது. விமர்சகர்கள் எத்தனையோ பேர் நூறு பக்கம் எழுதியும் எட்டாத இடம் அது.

இப்போது கணினிக் கடைகள் வந்துவிட்டன. திரையில் முன்னால் வந்தவரின் மனு திறந்தபடி இருக்கும். பெயர், ஊர், சர்வே எண்ணை மாற்றினால் போதும். ஒருமுறை ஒருவர் கையில் இருந்த மனுவை வாங்கிப் பார்த்தேன். பெயர் அவருடையது, குறை இன்னொருவருடையது. பிழை ஒன்றுகூட இல்லை. இதற்கு நேர்எதிராய், வாயால் சொல்லச் சொல்லத் தானே எழுத்தாகும் வசதி. பேரன் செல்போனை நீட்டுகிறான், பாட்டி பேசுகிறாள். முற்றுப்புள்ளி இல்லாமல் மூன்று பக்கம். அது அவள் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் இன்னா வேணும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஒன்றில் ஆளே இல்லை, மற்றதில் எழுத்தே இல்லை.

இங்கே ஒரு குறுக்கீடு அவசியம். சீரழிவு என்று சொல்ல, முன்பு கையில் இருந்திருக்க வேண்டும். திண்டிவனத்தை மையமாய்க் கொண்டு இருளர்களுக்காக 1990களிலிருந்து நடந்துவரும் வேலையில் பெரும்பங்கு, ஒரு சாதிச் சான்றிதழுக்காக மனுவுக்கு மேல் மனுவாய் எழுதுவதுதான். பேனாவே பிடிக்க விடப்படாதவர்களுக்கு எது சீரழிந்தது? கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததற்கு ஈடாய் ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு முதல் சிலேட்டே செல்போனாய் இருந்திருக்கும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

குறை சொல்ல வேண்டியது நம்மை. விழுப்புரத்தில் தமிழ் கற்பித்த பழமலயின் ‘சனங்களின் கதை’ 1988இல் வந்தபோது, இது கவிதையா, வெறும் பேச்சல்லவா என்றார்கள். இன்று அதே புத்தகத்தைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, பேசுவதை அப்படியே போட்டால் கவிதை என்கிறார்கள். இரண்டு கட்சியும் செய்வது ஒரே தவறு. அந்தப் பேச்சு அப்படியே வந்ததில்லை. திண்ணையில் பத்துப் பேர் பேசுவதிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, மற்றதை வெளியே நிறுத்திய கை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கை கண்ணுக்குத் தெரியாததால் இல்லையென்று நினைத்துவிட்டோம். எனக்கு வரும் கட்டுரைகளில் – அச்சுக்குப் போவதற்குச் சற்றுமுன் வாட்ஸப்பில் வருபவை – முதல் நினைப்பும் கடைசி நினைப்பும் ஒரே பளபளப்பில் இருக்கின்றன. எழுதியவர் எங்கே தயங்கினார் என்று தெரிவதில்லை. முன்பெல்லாம் கைப்பிரதியில் ஒரு சொல்லை அடித்து, மேலே இன்னொன்றை எழுதி, அதையும் அடித்து, பழையதற்கே கீழே புள்ளியிட்டு மீட்டிருப்பார்கள். நான் பதிப்புக்கு எடுத்ததும் நிராகரித்ததும் பல சமயம் அந்த இடத்தை வைத்துத்தான். இப்போது என்னுடையதையும் செல்போனில்தான் தட்டுகிறேன். அழித்தது அழிந்தே போகிறது, இரண்டு நாள் கழித்து எனக்கே அதன் ஞாபகம் இருப்பதில்லை.

அந்த அம்மாளின் மனுவில் பெரியவர் மூன்று வரிகளை அடித்திருந்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு தெரிந்தது. விரலை வைத்து, “இத்த ஏன் ஐயா அடிச்சிட்டீங்க?” என்றாள். அவர் அடித்ததை வாசித்துக் காட்டினார்: மழை, கொழுந்தன், கிணறு. “மத்தது போவட்டும், கெணத்த மட்டும் உட்டுடாதீங்க” என்றாள். அது இந்த விவகாரத்துக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் விரலை எடுக்கவில்லை. பேனாவை உதறி, ஓரத்தில் இடம் தேடி, கிணற்றை மறுபடி எழுதினார்.