பூனைக்குப் பிடித்த வாத்தியம்

பூனை இருக்கும் வீட்டில் ஒரு பியானோ வந்து இறங்கினால், அதை முதலில் பரீட்சை செய்வது வாசிக்கப் போகிறவர் அல்ல. அவர் இரண்டு கட்டைகளை அழுத்திச் சுருதி பார்ப்பதற்குள், பூனை பின்பக்கம் போய் மோந்து பார்த்து, பெடலில் கன்னத்தைத் தேய்த்து, ஸ்டூலில் தாவி, அங்கிருந்து மேல்மூடியில் ஏறி நட்டநடுவில் உட்கார்ந்துவிடும். வீணையிடமோ வயலினிடமோ அது இத்தனை உரிமை எடுத்துக்கொள்வதில்லை. பியானோவிடம் மட்டும் ஏன் என்று யோசிக்கத் தொடங்கினால், அந்த வாத்தியத்தின் வேலைப்பாடு முழுவதையும் பார்த்துவிடலாம். பூனையைப் பியானோவிலிருந்து விலக்கி வைக்க வழி கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

பியானோ என்றதும் நமக்குத் தோன்றுவது வழவழப்பான கறுப்பு மரம், 52 வெள்ளைக் கட்டைகள், 36 கறுப்புக் கட்டைகள். மூடியைத் திறந்தால் வேறொரு உலகம். சுமார் 230 கம்பிகள், அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் 15 முதல் 20 டன் வரையிலான விசை, அதைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டம். இவ்வளவு முரட்டு இரும்புக்கும் விரலுக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுவது எது தெரியுமா? ஆட்டு ரோமம். கம்பியில் போய் மோதும் சுத்தியலின் தலை இறுக்கிப் பிசைந்த கம்பளி. கம்பியை அடக்கும் டேம்பரின் அடி கம்பளி. கட்டைக்குக் கீழே மெத்தை, கட்டை அசையும் துளைக்குள் உறை எல்லாம் கம்பளித் துணி. 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்து வந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி முதல் பியானோவைச் செய்தபோது சுத்தியல் தலைக்குத் தோலைத்தான் போர்த்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அங்கே கம்பளி வந்து உட்கார்ந்தது. பியானோவின் குரலில் இன்று நாம் ரசிக்கும் கனிவு அந்தக் கம்பளியிலிருந்து வருவது.

இப்போது பூனையின் கண்ணால் பாருங்கள். உயரமான மேடை. உள்ளே இருட்டு, இளம் சூடு, நாலாபுறமும் கம்பளி வாசம். யாராவது வாசித்தால் உடம்புக்கடியில் மரம் அதிரும். போதாக்குறைக்கு, வீட்டில் தனக்குச் சோறு போடுகிற ஆள் மணிக்கணக்கில் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு வசதியும் உண்டு. பியானோவுக்கு ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நின்றால் சுகம். நம் காற்றில் அது 70ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவின் அடிவயிற்றில் குறைந்த வாட் பல்பு ஒன்றை எரியவிடுவது பழைய வழக்கம். நாம் மரத்தை உலர்த்த ஏற்றி வைக்கும் விளக்கு, பூனைக்குக் குளிர்காயும் அடுப்பு.

பூனை கட்டைகள்மேல் நடந்தால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பியானோக் கட்டை ஒன்றை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அது ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரல் நுனியில் சின்னதாக ஒரு தடை தட்டி விலகும். அந்த இடத்தில்தான் உள்ளே இருக்கும் பொறி சுத்தியலைக் கைவிடுகிறது. வேகமாக அழுத்தியிருந்தால், கைவிடப்பட்ட சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து போய்க் கம்பியை அடித்துத் திரும்பியிருக்கும். மெதுவாக அழுத்தினால் கம்பிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பே களைத்து விழுந்துவிடும், சத்தமே வராது. விரலின் வேகம்தான் ஒலியின் அளவு என்ற இந்த ஏற்பாடுதான் கிறிஸ்தோஃபோரியின் மேதைமை. மெல்லவும் உரக்கவும் வாசிக்கலாம் என்பதே அன்றைக்கு அதிசயம்.

ஆகவே பதுங்கிப் பதுங்கி நடக்கும் பூனை பியானோவில் பாதிக் கட்டைகளை ஊமையாகவே அழுத்திக் கடந்துவிடும். எதையோ கண்டு மிரண்டு குதித்தால்தான் வீடு அலறும். பியானோவுக்கு முந்திய ஹார்ப்ஸிகார்டு அப்படியல்ல. அதில் சுத்தியல் கிடையாது. இறகுத் தண்டு ஒன்று கம்பியைச் சுண்டும். எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் சுண்டியே தீரும். பூனை அதில் அடியெடுத்து வைத்தால் ஒவ்வொரு அடியும் கேட்கும்.

இந்த வித்தியாசம் தெரிந்தால், மேற்கத்திய இசையின் மிகப் பிரபலமான பூனைக் கதை கொஞ்சம் நம்பும்படி ஆகிவிடுகிறது. தொமெனிக்கோ ஸ்கார்லட்டி என்ற இசையமைப்பாளர் 1738இல் லண்டனில் அச்சிட்ட 30 ஹார்ப்ஸிகார்டு உருப்படிகளில் கடைசியானது ஒரு ஃப்யூக், அதாவது ஒரே ஸ்வரவரிசையைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொல்லும் உருப்படி. அதற்குப் ‘பூனை ஃப்யூக்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய பூனை கட்டைகள்மேல் நடந்தபோது எழுந்த ஸ்வரங்களைத்தான் அவர் பல்லவியாக எடுத்துக்கொண்டார் என்பது கதை. பெயரை வைத்தவர் ஸ்கார்லட்டி அல்ல. அது அடுத்த நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தத் தொடக்கத்தைக் கேட்டவர் யாரும் பெயரைக் குறை சொல்ல மாட்டார்.

நம் கணக்கில் அதைப் பாடிப் பார்க்கலாம். ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், காகலி நிஷாதம், பிறகு மேல் ஸ்தாயியில் மறுபடி சாதாரண காந்தாரம், அதற்கும் மேலே பிரதி மத்யமம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தாவல்கள். சதுஸ்ருதி ரிஷபத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்துக்கொண்டால் எல்லாம் சிம்மேந்திர மத்யமத்தின் ஸ்வரங்கள். ஆனால் எந்த வித்வானும் இப்படிப் பிடி போட மாட்டார். ஆறு ஸ்வரங்கள், ஆறு நிதானமான அடிகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரத்தில். யோசித்து யோசித்துக் கால் வைக்கும் பிராணியின் நடை அச்சாக வந்திருக்கிறது. உண்மைப் பூனை அந்த ஒன்றரை ஸ்தாயி தூரத்தை, அதாவது கால் மீட்டர் அளவை, ஓர் எட்டில் கடந்துவிடும் என்று வாதாடலாம். வாதத்தில் ஜெயித்துவிட்டு மறுபடி கேட்டால் மறுபடி பூனைதான் தெரியும். அதற்குப் பிறகு ஸ்கார்லட்டி செய்வதுதான் பெரிய வித்தை. இந்தக் கோணல் ஸ்வரவரிசையை ஒரு குரல் சொல்ல, இன்னொரு குரல் பஞ்சமத்திலிருந்து பதில் சொல்ல, மூன்றாவது கீழிருந்து நுழைய, தற்செயலாகத் தொடங்கியது இலக்கணமாக முடிகிறது.

இந்தப் பரம்பரை அங்கேயே நிற்கவில்லை. அமெரிக்காவில் ஸெஸ் கான்ஃப்ரி 1921இல் வெளியிட்ட ‘கிட்டன் ஆன் தி கீஸ்’ விரல்களைப் பின்னிப் போட்டு ஓடும் துள்ளல் உருப்படி. 1947இல் வந்த டாம் அண்ட் ஜெர்ரி படத்தில் டாம் கோட்டும் சூட்டும் போட்டு லிஸ்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்ஸடியை வாசிப்பதை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1990களில் மோரிஸ் மோஷே கோட்டெல் என்ற இசையமைப்பாளரின் பூனை கெட்ஸெல் கட்டைகளில் நடந்து போனதை அவர் அப்படியே ஸ்வரப்படுத்தி ஒரு நிமிட உருப்படிகளுக்கான போட்டிக்கு அனுப்ப, அது 1997இல் சிறப்புக் குறிப்பு பெற்றது. நோரா என்ற பூனை பியானோ வாசிக்கும் வீடியோக்களை எடுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி லித்துவேனியாவின் மிண்டாவ்காஸ் பியெசாய்டிஸ் ஒரு கச்சேரி உருப்படியே எழுதி 2009இல் ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். இவற்றில் எனக்குப் பிடித்தது ஸ்கார்லட்டிதான். மற்றவர்கள் பூனையைக் கொண்டாடினார்கள்; அவர் அதை மாணவனைப்போல உட்கார வைத்து இலக்கணம் படிக்க வைத்தார்.

ரசனை இவ்வளவு இருந்தாலும், பியானோவை ட்யூன் செய்ய வருகிறவரிடம் பூனையைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். அவருக்குத் தெரிந்த சேதி வேறு. கட்டைகளின் இடுக்கில் இறங்கும் ரோமம் துளைகளில் சேர்ந்து கட்டையை மந்தமாக்கும். கம்பிகள் கிடைமட்டமாக இருக்கும் கிராண்ட் பியானோவின் மூடி திறந்திருக்கும்போது கம்பிமேல் இறங்கி நடந்தால், டேம்பரைத் தாங்கும் மெல்லிய கம்பி கொஞ்சம் வளையும். வளைந்த பிறகு அந்த ஸ்வரம் கட்டையை விட்டாலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பூனைக்கு வியர்ப்பது பாதத்தில்தான். அந்த ஈரம் பட்ட எஃகுக் கம்பியில் துரு பிடிக்கும். மேல்மூடியைத் தாங்கும் குச்சியைப் பூனை தட்டிவிட்டால் அத்தனை கனமும் அதன்மேலேயே விழும். எல்லாவற்றிலும் மோசமானது சிறுநீர். கம்பளி அதை உறிஞ்சிக்கொள்ளும், செப்புச் சுற்று போட்ட மந்தர ஸ்தாயிக் கம்பிகள் கறுத்து ஒலி மழுங்கும், காய்ந்த பிறகும் வாசனை அதே இடத்துக்குப் பூனையைத் திரும்பக் கூப்பிடும். நின்றவாக்கில் பீய்ச்சும் கடுவனுக்கு அப்ரைட்டின் முன்பலகை நல்ல வசதி. கடுவனுக்குக் காலத்தில் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலும் இந்தப் பழக்கம் அடங்கும்.

தடுக்கிறேன் என்று நாம் செய்யும் சில வேலைகள் பூனையைவிடக் கெடுதல். அந்துப்பூச்சிக்கும் ஆகும், பூனையும் வராது என்று அந்துருண்டையைப் போட்டு வைப்பார்கள்; அது பூனைக்கு விஷம். கற்பூரமும் அப்படியே. எலுமிச்சை எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் தடவினால் பூனை நக்கி நோய்ப்படும், பாலிஷும் பாழாகும். தண்ணீர் பீய்ச்சி விரட்டுவது வாத்தியத்தின் பக்கத்தில் செய்யக் கூடாத காரியம். பூனை கற்றுக்கொள்வதும் உங்களைக் கண்டு ஓடுவதை மட்டும்தான். இருபக்கம் ஒட்டும் டேப்பை மூடிமேல் நேராக ஒட்டினால் பிரிக்கும்போது பாலிஷ் பெயர்ந்து வரும். பிளாஸ்டிக் உறை நம் ஊர் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. வாசித்து முடித்ததும் கட்டை மூடியைப் போடுவது. கிராண்ட் என்றால் மேல்மூடியையும் இறக்கி, கம்பிகள்மேல் அளவெடுத்துத் தைத்த கம்பளித் துணி ஒன்றைப் பரப்புவது. இதைப் போட்டபடியே வாசிக்கவும் செய்யலாம். வெளியே தடித்த பருத்தி உறை. அப்ரைட்டின் மேல்பலகையும் கீழ்ப்பலகையும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. பியானோமேல் பூச்சாடி, தண்ணீர் டம்ளர் எதையும் வைக்காமலிருப்பது. மணல் தொட்டியை வேறு அறைக்கு மாற்றுவது.

இவற்றைவிட முக்கியமானது, பியானோவைவிட நல்ல இடம் ஒன்றைப் பூனைக்குக் கொடுப்பது. மூடியைவிட ஒரு முழம் உயரமான அலமாரித் தட்டு, ஜன்னல் வெயில் விழும் பக்கம், மேலே பழைய கம்பளித் துண்டு. அங்கிருந்து பார்த்தால் வாசிப்பவர் தெரிய வேண்டும். இது இல்லாவிட்டால் எதுவும் பலிக்காது. நகம் கீற ஒரு மரக்கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நிறுத்தினால் பியானோக் காலையும் ஸ்டூலின் மெத்தையையும் விட்டுவிடும். வாசிக்க உட்காரும் முன் சாப்பாடு போட்டுவிட்டால் முதல் அரை மணி உங்களுடையது.

பூனையே வேண்டாம், அறைக்குள் விடாதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பியானோவின் பரம விரோதி எலி. அப்ரைட்டின் அடியில் புகுந்து சுத்தியல் கம்பளியைக் கடித்தெடுத்துக் கூடு கட்டும். அதன் நாசத்துக்கு முன்னால் பூனையின் ரோமம் ஒன்றுமே இல்லை. பூனை நடமாடும் அறையில் எலி குடியேறத் தயங்கும். ஆகவே பூனை பியானோ இருக்கும் அறையில் இருக்கலாம், பியானோவுக்குள் இருக்கக் கூடாது. இதுதான் எல்லைக்கோடு.

பயந்து போய்ப் பியானோவைப் போர்த்திப் பூட்டி வைத்துவிடாதீர்கள். அந்துப்பூச்சிக்கு இருட்டும் அமைதியும் பிடிக்கும். யாரும் தொடாத பியானோவின் கம்பளியைத்தான் அது நிதானமாக உட்கார்ந்து தின்னும். பூனை ரோமம் கொஞ்சம் ஒட்டினாலும் தினம் வாசிக்கப்படும் பியானோவே நல்ல பியானோ. வாசியுங்கள், மூடுங்கள், மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ் போட்டுத் துடையுங்கள். மிச்சத்தை ட்யூனர் பார்த்துக்கொள்வார்.