கட்டைக்குள் அடங்காத ராகம்: அனில் ஸ்ரீநிவாசனின் பியானோ



பியானோ என்றாலே நம்ம மாணவர்களுக்கு விரல் வேகம்தான் நினைவுக்கு வரும். 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் வென்ற காணொளியை நம்மில் பலர் புலனத்தில் பகிர்ந்திருப்போம். அது பெருமைதான். ஆனால் வேகம் மட்டுமே கலை ஆகிவிடாது. நிதானத்தையே பலமாகக் கொண்ட இன்னொரு சென்னைக் கலைஞரை இங்கே பார்ப்போம்: அனில் ஸ்ரீநிவாசன்.

இவர் சிறுவயதிலேயே மேற்கத்தியச் செவ்விசை பயின்றவர். அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுச் சென்னை திரும்பியவர். கர்நாடக இசைப் பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து பல ஆண்டுகளாக மேடை ஏறுகிறார். குருசரண், புல்லாங்குழல் கலைஞர் சிக்கில் குஞ்சுமணியின் பேரன். ஒருவர் பியானோ, ஒருவர் குரல். இந்த இரண்டும் ஒத்துப் போகுமா என்பதுதான் கேள்வி.

கேள்வி சும்மா எழவில்லை. பியானோவில் 88 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் கம்பியைத் தட்டும். ஒலி பிறந்த பிறகு அதை வளைக்க முடியாது. நம் ராகங்களோ கமகத்தில் வாழ்பவை. இலக்கண வகுப்பில் நாம் நடத்துவதை வைத்தே விளக்கலாம். 'நடு', 'நாடு' இரண்டிலும் 'டு' ஒரே எழுத்துதான். முதலாவதில் முற்றியலுகரம், இரண்டாவதில் குற்றியலுகரம். எழுத்து மாறவில்லை, ஒலிக்கும் அளவு மாறுகிறது. பியானோ கட்டையும் அந்த எழுத்து மாதிரிதான். அசைவைச் சேர்ப்பது வாய்.

இதே குறையைச் சொல்லித்தான் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. வயலினும் மேற்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அதில் விரலை வழுக்கி இழுக்கலாம். அதனால் பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்தே நம் கச்சேரியில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

அனில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்? கமகத்தைப் போலி செய்யப் போகவில்லை. அசைவைப் பாடகரிடம் விட்டுவிட்டு, குரலுக்கு அடியில் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைத்து ஒதுங்கி நிற்கிறார். குருசரண் ஒரு சொல்லை நீட்டும்போது பியானோ பெரும்பாலும் காத்திருக்கும். அந்த இடைவெளியில் பாட்டின் சொல் தெளிவாகக் காதில் விழும். மொழி ஆசிரியர்களுக்கு இது பெரிய லாபம். தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டாமல் இருப்பதும் ஒரு தேர்ச்சிதான்.

குறையும் உண்டு. சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் அளவோடு பொருந்தும். கீரவாணி ஹார்மோனிக் மைனரோடு பொருந்தும். அங்கே இந்த முறை இயல்பாக உட்காரும். தோடி மாதிரி காந்தாரம் விடாமல் அசையும் ராகத்தில் அடியில் ஒரு நிலையான சுரக்கூட்டு வந்தால், ராகத்தின் முகமே மாறிவிடும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி இனிமையான சோகம் படிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. இந்த இணையின் இசையைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் கேட்டால் எனக்கு அந்த அலுப்பு வருகிறது. இது கச்சேரிக்கு மாற்று இல்லை, கச்சேரிக்குள் நுழைய ஒரு வாசல். அப்படி எடுத்துக்கொண்டால் மனக்குறை வராது.

வாசல் என்று சொல்லக் காரணம் உண்டு. 'ராப்சடி' என்ற தம் அமைப்பின் வழியே தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இசையைக் கொண்டு செல்பவர் அனில். எல்லாப் பிள்ளையும் பியானோ கலைஞர் ஆகப் போவதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் காது இருக்கிறது.

வகுப்பில் பத்து நிமிடம் போதும். கீபோர்டில் 'ச ரி க ம' வாசியுங்கள். அதையே மாணவர்களை அசைத்துப் பாடச் சொல்லுங்கள். என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பிறகு இந்த இருவரின் பாட்டு ஒன்றைப் போட்டு, பியானோ எங்கே சும்மா இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து 'நடு', 'நாடு' இரண்டையும் வாய்விட்டு வாசிக்க வையுங்கள். குற்றியலுகரத்தை மனப்பாடம் செய்த பிள்ளை அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்கும்.

– தம்போய், ஜொகூர்