மேஜை மேல் ஒரு மலை

ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய நூல்களில் நம்மவர்கள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. 'லிட்டில் வார்ஸ்' என்று பெயர், 1913இல் வெளிவந்தது. ஈயச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு தரையில் யுத்தம் நடத்துவது எப்படி என்று சொல்லுகிற சின்னப் புத்தகம். காலத்தைக் கடந்து போகும் யந்திரத்தையும் செவ்வாய்க் கிரகத்தாரின் படையெடுப்பையும் கற்பனை செய்தவர், நாற்பத்தாறு வயதில் முழங்காலிட்டுத் தவழ்ந்து பொம்மைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் புத்தகத்தைப் படித்துப் பார்த்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. நாவல் எழுதுகிற எவனுக்கும் உபயோகப்படக்கூடிய இரண்டு விஷயங்களைப் பற்றி அது பேசுகிறது. ஒன்று நிலம். மற்றொன்று தற்செயல்.

நமது சதுரங்கத்தில் நிலம் கிடையாது. அறுபத்து நான்கு கட்டங்களில் எந்தக் கட்டமும் மேடல்ல, பள்ளமல்ல, சேறல்ல. குதிரை எங்கும் ஒரே மாதிரிதான் தாவும். இந்தக் குறை ஜெர்மானியர்களை உறுத்தியது. 1780இல் ஹெல்விக் என்பவர் கட்டங்களின் எண்ணிக்கையைப் பெருக்கி, மலைக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம் என்று பூசினார். 1812இல் பிரஷ்யாவின் மன்னருக்கு ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒரு பெரிய மேஜையையே செய்து கொடுத்தார். குன்றும் ஆறும் சாலையுமாக வார்த்து வர்ணம் தீட்டிய பலகைகளை அதன்மேல் வேண்டியபடி மாற்றி அடுக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரு புதிய தேசம்!

வெல்ஸின் தேசம் இவ்வளவு ராஜரீகமானதல்ல. மரக்கட்டைகளால் வீடுகள், குச்சிகளால் மரங்கள், பலகைகளை அடுக்கினால் குன்று. ஆனால் அவர் அமைத்த விதி ஒன்று அபாரமானது. ஒருவர் நிலத்தை அமைக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து போரிடுவது என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். தோசையை ஒருவன் பிட்டு வைக்க, எந்தப் பாதி வேண்டும் என்பதை இன்னொருவன் சொல்லுகிற மாதிரி. இதைவிடச் சுருக்கமாக நியாயத்தை யாரும் சொல்லிவிட முடியாது. தனக்குச் சாதகமாக ஒரு குன்றை வைக்க நினைப்பவன், அந்தக் குன்றிலிருந்தே தன்மேல் குண்டு விழலாம் என்றும் நினைத்துப் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. பீரங்கி சுடுவதற்கு வசதியாக நிலத்தில் எதையும் வேண்டுமென்று நகர்த்தக்கூடாது. எதிராளி ஆட்சேபித்தால், நிலத்தின் குறுக்கே படுத்து அதைக் கலைக்கவும் கூடாது. தற்செயலாகக் கலைந்தது எதுவோ அதைப் பழையபடி எடுத்து வைத்துவிட வேண்டும். படிக்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் கதை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இந்த விதியை மதிக்கிறோம்? முதல் அத்தியாயத்தில் ஆற்றைக் கடக்க வழியே இல்லை என்று எழுதுகிறோம். கதாநாயகன் அவசரமாக அக்கரைக்குப் போக வேண்டியிருந்தால், பதினான்காவது அத்தியாயத்தில் ஒரு படகுக்காரன் வந்து நிற்கிறான். நாம் நிலத்தின் குறுக்கே படுத்துப் புரண்டுவிட்டோம் என்று அர்த்தம்.

நிலத்தைப் பொறுத்தவரை வெல்ஸிடம் எனக்குக் குறையே இல்லை. தற்செயலை அவர் நடத்தும் விதந்தான் எனக்குப் போதவில்லை. அவரது ஆட்டத்தில் பகடை கிடையாது. கைகலப்பில் ஆளுக்கு ஆள் சரி என்று கணக்குத் தீர்ந்துவிடும். பீரங்கியிலிருந்து பாயும் மரத்துண்டு குறி தவறலாம். தற்செயலுக்கு அங்கே மட்டுந்தான் இடம். ஆரம்பத்தில் படைகளை நிறுத்தும்போது நடுவே ஒரு திரை தொங்குகிறது. திரை விலகியபின் எல்லாம் பட்டப் பகல். மழை இல்லை, மூடுபனி இல்லை, வழி தவறிய தூதன் இல்லை. தன் கண்ணால் பார்க்காத எதுவும் சேனாதிபதிக்கு நேருவதில்லை. திட்டம் போட்டால் உலகம் திருந்திவிடும் என்று நம்பிய மனிதரின் ஆட்டம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகத்தின் முடிவில், இந்தச் சின்ன யுத்தத்தோடு மனிதர்கள் திருப்தியடையலாமே என்று அவர் மன்றாடுகிறார். மறு வருஷமே, 1914இல், பெரிய யுத்தம் வந்தது.

வெல்ஸுக்கு முப்பது வருஷம் முன்பே இதை விளையாடிய இன்னொரு நாவலாசிரியர் உண்டு. ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், சுவாசகோச வியாதிக்காக ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூரில் தங்கியிருந்தபோது, மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த பையன் லாயிடுடன் பரணறையில் யுத்தம் நடத்தினார். அந்தப் பையன் வளர்ந்து 1898இல் 'ஸ்கிரிப்னர்ஸ்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினான். பரணின் தரையில் வர்ணச் சாக்குக்கட்டியால் தேசப்படம் வரைந்திருந்தார்கள். மலைகள், பாலங்கள், சதுப்பு நிலங்கள், இரண்டு தரத்துச் சாலைகள். இரண்டு தரத்துச் சாலைகள் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதில்தான் நாவலாசிரியன் தெரிகிறான். நல்ல சாலை ஒன்று, மட்டமான சாலை ஒன்று என்று வைத்துவிட்டால், எந்தப் படை எப்போது வந்து சேரும் என்ற கேள்வி தானாகப் பிறந்துவிடுகிறது. யாரும் எந்தச் சம்பவத்தையும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்க வேண்டியதில்லை.

ஸ்டீவன்ஸன் அதோடு விடவில்லை. தங்கள் யுத்தத்துக்குக் கற்பனைப் பத்திரிகைகளை நிறுவி, நிருபர்கள் அனுப்பிய செய்திகளையும் தாமே எழுதினார். 'கிளெண்டரூல் டைம்ஸ்' என்று ஒன்று, 'யல்லோபாலி ரெக்கார்ட்' என்று ஒன்று. பொம்மை விழுந்ததெல்லாம் கதையாகிவிட்டது. அவருடைய 'புதையல் தீவு' நாவலே 1881இல் ஒரு தீவின் படம் வரைந்ததிலிருந்து கிளம்பியதுதான். படம் முதலில், மனிதர்கள் பிறகு. நிலம் என்பது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிற அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத துரதிர்ஷ்டத்துக்கு என்ன செய்வது? அதற்கு வழி சொன்னவர் அந்த மேஜை செய்த பிரபுவின் மகன். பீரங்கிப் படையில் அதிகாரி. 1824இல் அவர் வெளியிட்ட விதிகளில் மேஜை போய் நிலப்படம் வந்தது, பகடையும் வந்தது. ஒரே பகடை அல்ல. பலம் சரிசமமானால் ஒன்று, ஒரு பக்கம் ஓங்கியிருந்தால் வேறொன்று. மேட்டில் நிற்பவனுக்கு வெற்றி நிச்சயமல்ல. ஆனால் பள்ளத்தில் நிற்பவனைவிட அவனுக்கு வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷக் காலத்தைக் குறிக்கும். எதிரியின் கண்ணில் படாத படை படத்திலேயே வைக்கப்படாது. நடுவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். இங்கேதான் நிலமும் தற்செயலும் கல்யாணம் செய்துகொண்டன என்பேன். பகடை எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை. நிலத்தைக் கேட்டுக்கொண்டு பேசுகிறது. இதைச் செய்த மனிதர் மூன்றே வருஷத்தில், 1827இல், தற்கொலை செய்துகொண்டார். அவருடைய விளையாட்டு பிரஷ்யச் சேனையில் நிலைத்துவிட்டது.

இன்று இந்த ஆட்டம் பெரிய வியாபாரம். பிளாஸ்டிக் சிப்பாய்கள், விதிப் புத்தகங்கள், சம்பவச் சீட்டுக்கட்டுகள் என்று கடைகளில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை மதிப்பிட எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. வந்த சம்பவம் ஆடுகிறவனைக் கேள்வி கேட்கிறதா, அல்லது தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறதா?

ஒரு சீட்டை எடுக்கிறோம். 'மழை. இந்த முறை உன் பீரங்கிகள் சுடா.' அவ்வளவுதான். ஒருவன் உதட்டைப் பிதுக்குகிறான், மற்றவன் சிரிக்கிறான். ஆட்டத்தில் எதுவும் நடக்கவில்லை. அதே மழையை வேறு மாதிரி எழுதலாம். 'மலையில் மழை. இனி ஒவ்வொரு முறையும் ஆற்றில் தண்ணீர் ஏறும்; மூன்றாவது முறைக்குப் பின் காலாட்கள் இறங்கிக் கடக்க முடியாது.' இப்போது இருவருக்கும் வேலை வந்துவிட்டது. பாதிப் படை அக்கரையில் நிற்கிறதே, மீதியையும் அவசரமாகக் கடத்துவதா, போனதைத் திரும்ப அழைப்பதா, பாலத்தைப் பிடிப்பதா? மேகம் ஒன்றுதான். முதல் சீட்டில் அது விபத்து, இரண்டாவதில் கதை.

2010இல் வெளிவந்த 'வார்ஹாமர்' ஆட்டத்தின் எட்டாம் பதிப்பில் மர்மக் காடுகள் என்று ஓர் ஏற்பாடு உண்டு. மேஜை மேல் காடு தெரிகிறது. அது எப்படிப்பட்ட காடு என்பது, படை அதற்குள் காலெடுத்து வைத்தபின் பகடை உருட்டினால்தான் தெரியும். சாதாரணக் காடாக இருக்கலாம். விஷப் புதராக இருக்கலாம். யோசனை நல்லதுதான். காட்டைப் பார்த்துப் பயப்படாத சேனாதிபதி உலகத்தில் இருந்ததில்லை. ஆனால் பயத்துக்கு ஒரு மாற்று வேண்டும். ஒரு வேவுக்காரனை முன்னால் அனுப்பி, ஒரு முறையை இழந்து, காட்டின் குணத்தைத் தெரிந்துகொள்ள வழி வைத்திருந்தால் அது நிலம். நுழைந்தபின் பகடை சொல்லுவதுதான் விதி என்றால், அது பச்சை வர்ணம் பூசிய பரமபதப் பாம்பு.

தற்செயலே தொல்லை, பகடையைத் தூக்கி எறிந்துவிட்டு அநுபவமுள்ள நடுவரிடம் தீர்ப்பை விட்டுவிடலாமே என்று சொன்னவர்களும் உண்டு. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி அப்படித்தான் எழுதினார். ஆட்டம் வேகமாக நடக்கும். அட்டவணைகளைப் புரட்ட வேண்டாம். நியாயமான பேச்சுதான். ஆனால் நடுவருக்கே ஆட்டத்தின் முடிவில் ஆசை இருந்தால்?

1942 மே மாதம் 'யமாட்டோ' என்ற போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் கூடி, மிட்வே தாக்குதலை மேஜையில் ஆடிப் பார்த்தார்கள். தீவிலிருந்து அமெரிக்க விமானங்கள் வந்து தாக்குவதாக ஒரு கட்டம். நடுவர்களில் ஒருவரான ஒகுமியா பகடையை உருட்டி, ஒன்பது குண்டுகள் விழுந்தன என்றார். 'அகாகி', 'காகா' என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கின. ஆட்டத்தை நடத்திய அட்மிரல் உகாகி தலையிட்டு, ஒன்பதை மூன்றாக்கினார். 'காகா' மட்டும் மூழ்கியது. அடுத்த கட்டத்துக்குப் போனபோது அந்தக் 'காகா'வும் மறுபடி மிதந்தது! ஒகுமியாவே பின்னர் ஃபுசிதாவுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். ஜூன் 4 அன்று தொடங்கிய நிஜச் சண்டையில் அகாகி, காகா இரண்டோடு இன்னும் இரண்டும் சேர்ந்து கடலுக்குள் போயின.

உகாகிக்காக ஒன்று சொல்ல வேண்டும். நிஜச் சண்டையில் தீவிலிருந்து வந்த விமானங்களின் குண்டு ஒன்றுகூட அந்தக் கப்பல்கள்மேல் விழவில்லை. மூழ்கடித்தவை கப்பலிலிருந்து எழுந்த வேறு விமானங்கள். ஆகையால் ஒன்பது அதிகம் என்று அவர் சொன்னது ஒருவேளை சரியான கணக்காகவே இருக்கலாம். கணக்கைத் திருத்தியதல்ல குற்றம். மூழ்கியதை மிதக்கவிட்டார் பாருங்கள், அதுதான். 'இரண்டு கப்பல் இல்லாமல் நாம் என்ன செய்வோம்?' என்று அந்த மேஜையில் பகடை ஒரு கேள்வி கேட்டது. பதில் சொல்லப் பிடிக்காமல் கேள்வியையே அழித்துவிட்டார்கள். மேஜையில் செத்தவன் எழுந்து வரலாம், கடலில் வரமாட்டான்.

கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் பகடை இல்லாத நடுவர்கள்தாம். எங்கள் கையை யாரும் பிடிப்பதில்லை. லாரி மோத வேண்டுமென்றால் மோதும்; வில்லனுக்கு விஷ ஜுரம் வர வேண்டுமென்றால் வரும். தொடர்கதை வாசகர் கடிதம் போட்டால் மூழ்கிய 'காகா'வும் மிதக்கும். வாழ்க்கையில் தற்செயல் நேருவதில்லையா என்று கேட்கிறார்கள். நேருகிறது. ஆனால் வாழ்க்கையின் தற்செயல், எழுதுகிறவனின் சௌகரியத்தைப் பார்த்து நேருவதில்லை. அந்த வித்தியாசத்தை வாசகன் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறான்.

வெல்ஸின் புத்தகத்தை ஆங்கிலம் தெரிந்த இளம் எழுத்தாளர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பது என் அபிப்ராயம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நிலத்தை நியாயமாக வைப்பது எப்படி என்று அது கற்றுக்கொடுக்கும். ஆனால் கையோடு ஒரு பகடையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அது எந்த எண்ணைக் காட்டினாலும் அதன் பிறகு என்ன என்று யோசிக்கப் பழகினால், நமக்குக் கொஞ்சம் நல்ல நாவல்கள் கிடைக்கும்.