சாக்கடையில் போகும் பட்டுப் பசை

கர்நாடகத்திலிருந்து காஞ்சிபுரம் வந்து சேரும் கச்சாப் பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன் அதை சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைக்கிறார்கள். நூல் வழவழப்பாகிறது, எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. குறைந்த அந்தப் பங்குதான் செரிசின். புழு தான் நூற்கும் இரண்டு இழைகளையும் சேர்த்து ஒட்டும் புரதப் பசை அது. வேகவைத்த நீர் பெரும்பாலும் சாக்கடைக்கே போகிறது. போகிற இடத்தில் புரதம் அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது.

இந்தப் பசையை ஹைட்ரோஜெல்லாக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. அடிப்படை யோசனையில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. வெந்நீரில் கரைந்த செரிசின் ஆறினால் தானே உறையும். தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் பீட்டா மடிப்புகளாக அடுக்கடுக்காகி நீரை உள்ளே பிடித்துக்கொள்ளும். ஈரம் காக்கும், உடலில் மெல்லச் சிதையும். புண்ணுக்குப் போர்வையாகவும் மருந்தைச் சிறுகச் சிறுக விடும் பொருளாகவும் ஆராயப்படுவது இதனால்தான். ஆனால் இப்படி உறைந்தது நொறுங்கும் தன்மையது. வலுவூட்ட குளூட்டரால்டிஹைடு சேர்க்கலாம். மலிவு, ஆனால் மிஞ்சியது செல்களுக்கு நஞ்சு. அதற்குப் பதிலாகச் சேர்க்கும் ஜெனிபின் சாது, விலைதான் கடிக்கும், ஜெல்லையும் நீலமாக்கிவிடும்.

உறுத்துவது சோதிக்கும் விதம். ஜெல்லைக் கடுங்குளிரில் உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கிறார்கள். தேன்கூடு போல அழகான துளைகள் தெரியும். அந்தத் துளைகளில் பெரும்பகுதி, உறைந்தபோது வளர்ந்த பனிப்படிகங்கள் விட்டுச்சென்ற தடம். வேகமாக உறையவைத்தால் துளை சிறுக்கும், மெதுவாக என்றால் பெருக்கும். இப்படி அளந்ததை ஜெல்லின் துளை அளவென்று எழுதுவது நியாயமா? நனைந்த நிலையில் அளந்த விறைப்பும், எத்தனை மடங்கு நீர் உறிஞ்சி ஊதுகிறது என்பதும் இதைவிட நம்பகமானவை. அங்கும் ஓர் ஓட்டை: எந்த வெப்பத்தில், எதில் எவ்வளவு நேரம் வேகவைத்தார்கள் என்பதைப் பொறுத்து செரிசின் சங்கிலி நீளமாகவோ துண்டு துண்டாகவோ வரும். அந்த நீளத்தைச் சொல்லாத அறிக்கையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடியற்காலையில் பாவு நூலை நீட்டிக் கட்டி அரிசிக்கஞ்சி போடுகிறார்கள். அதுவும் ஒரு ஜெல்தான், மாவுச்சத்தின் ஜெல். தடித்தால் இழையோடு இழை ஒட்டும், நீர்த்துப்போனால் தறியில் நூல் சிம்பெழுந்து அறும். வேலை செய்யவேண்டிய இடத்திலேயே அதற்குச் சோதனை நடந்துவிடுகிறது. ஆனால் அதில் எண் கிடையாது; கைப்பக்குவம் தெரிந்தவர் போனால் பக்குவமும் போய்விடும். ஆய்வகத்தில் எண்ணுக்குப் பஞ்சமில்லை, பயன்படும் நிலையில் எடுத்த எண்தான் அபூர்வம்.

சாயப்பட்டறைக் கழிவுநீரில் ஜெல் செய்துவிடலாம் என்ற பேச்சும் வேகவைக்கும் விதத்தில்தான் இடறுகிறது. ஆய்வகத்தார் பெரும்பாலும் வெறும் நீரை அழுத்தக்கலனில் 120 டிகிரி வரை சூடாக்கிப் பிரித்தெடுப்பார்கள். பட்டறை நீரிலோ சோப்பும் காரமும் செரிசினோடு பின்னிக் கிடக்கும், காரமே சங்கிலியைத் துண்டாடியும் இருக்கும். சுத்தம் செய்யும் செலவு விளைபொருளின் விலையை விழுங்கக்கூடும். சோப்பை விட்டு அழுத்த வெந்நீருக்கு மாறலாம் என்றால், பசை சீராக நீங்காத இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அப்படிக் கெட்ட ஒரு பாவுக்கான நஷ்டத்தை யார் ஏற்பது என்பதற்கு எந்த ஆய்வுத் திட்டத்திலும் ஒரு வரி ஒதுக்கப்படவேண்டும். சாயக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.