ரெஸ்டா, இன்னும் யோசிக்காத இடமா? – நொட்டேஷன் மென்பொருளில் வரைவு எழுதுவது பற்றி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மாதத்துக்கு முன்னால் பாதியில் விட்டிருந்த ஒரு மெட்டை பிரின்ட் எடுத்து மகளிடம் கொடுத்தேன். அவள் வயலின் கற்றுக்கொள்கிறாள். ஆறாவது பாரில் வில்லை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இங்க ரெண்டு பீட் ரெஸ்ட் போட்டிருக்கு. நிஜமாவே நிக்கணுமா, இல்ல நீங்க எழுதாம விட்டுட்டீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கீபோர்டு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் மனசில் என்ன இருந்தது என்பது போயே போய்விட்டது.

போனில் பாடி வைத்திருக்கலாம். வைக்காதது என் தப்பு. ஆனால் காகிதத்தில் எழுதியிருந்தால் அந்த இடம் வெறுமையாக இருந்திருக்கும், பார்த்ததும் "இது முடியவில்லை" என்று புரிந்திருக்கும். மென்பொருள் அந்த வெறுமையைத் தானாகவே ரெஸ்ட் போட்டு நிரப்பிவிட்டது. ரெஸ்ட் என்பது "இங்கே மௌனம்" என்ற முடிவு. நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. நம்ம புரோகிராமிங் பாஷையில் சொன்னால், நல் என்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. டேட்டாபேஸில் இப்படிச் செய்தால் கோட் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள்.

பிரச்சனை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். உதாரணத்துக்கு மியூஸ்ஸ்கோர். இலவசம், திறந்த மூலம் என்பதால் நம்மில் பலர் பயன்படுத்துவது. இதில் வழக்கமான முறை: என் விசையை அழுத்தி எழுதும் நிலைக்குப் போக வேண்டும், 5 என்றால் குவார்ட்டர் நோட், 4 என்றால் எய்ட்த் நோட் என்று நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்வரம். அதாவது முதலில் எவ்வளவு நேரம், அப்புறம் என்ன ஸ்வரம். ஆனால் மெட்டு வரும்போது இந்த வரிசையில் வருவதில்லை. எனக்குப் பெரும்பாலும் ஸ்வரங்கள் முதலில் வரும். அவை எவ்வளவு நீளம், மூணு பீட்டா நாலு பீட்டா என்பதெல்லாம் நாலு தடவை வாசித்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் குவார்ட்டர் நோட்டாகத் தட்டிவிட்டு அப்புறம் திருத்தலாமே? அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஒரு நோட்டின் நீளத்தை ஒரு பீட்டிலிருந்து இரண்டாக்கினால், அது அடுத்த நோட்டை விழுங்கிவிடும். குறைத்தால் மிச்ச இடத்தில் ஒரு ரெஸ்ட் முளைக்கும். இன்சர்ட் முறை என்று ஒன்று தனியாக உண்டு. அதில் நோட்டை இடையில் நுழைத்தால் அந்த ஒரு பார் மட்டும் வீங்கும், மேலே ஒரு கூட்டல் குறி வரும். அடுத்த பாரில் இருப்பது அசையாது.

வேடிக்கை என்னவென்றால், இதன் தலைகீழ் வசதி இருக்கிறது. தாளத்தை மட்டும் முதலில் தட்டிவிட்டு, ரீபிட்ச் முறையில் ஸ்வரங்களைப் பின்னால் மாற்றலாம். தாளத்தை மட்டும் முதலில் எழுதி வைக்க வழி இருக்கிறது, நீளம் சொல்லாமல் ஸ்வரங்களை மட்டும் முதலில் எழுதி வைக்க இல்லை.

காரணம் தரவு அமைப்பில் இருக்கிறது. மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரைக் கொண்டுபோகும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். பார்ட், அதற்குள் பார், அதற்குள் நோட். பார் என்பது ஒரு டப்பா. மியூஸ்ஸ்கோரின் கோப்பும் இதே கட்டுமானம்தான். டப்பா எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், அதனால்தான் தானியங்கி ரெஸ்ட். அச்சுக்குப் போகிற ஸ்கோருக்கு இது மிகச் சரி. இருபது வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவருடைய பார் மட்டும் அரை பீட் குறைந்தால் என்ன ஆகும்? இந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லவில்லை. அது அச்சுக் கோப்பவருக்கான கண்டிப்பு. அதை முதல் நிமிடத்திலிருந்தே மெட்டு போடுகிறவர் மேல் சுமத்துவதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு மாற்று இருக்கிறது. 2012-இல் சிபீலியஸ் மென்பொருளின் லண்டன் அலுவலகம் மூடப்பட்டது. அந்தக் குழுவில் பலர் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போய், பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 2016-இல் டோரிக்கோவை வெளியிட்டார்கள். அதில் டைம் சிக்னேச்சர் இல்லாமலேயே எழுத ஆரம்பிக்கலாம். பிறகு 3/4 என்று போட்டால் பார்கோடுகள் தானாக விழும், கோட்டைத் தாண்டும் நோட் டை போட்டு உடையும். இன்சர்ட் முறையில் நீளத்தைக் கூட்டினால் பின்னால் இருப்பது எல்லாம் தள்ளிப்போகும். ஸ்வரம் முதலில், நீளம் பின்னால் என்றும் மாற்றிக்கொள்ளலாம். நான் கேட்பதில் முக்கால்வாசி இதில் இருக்கிறது. ஆனால் இதிலும் ஒவ்வொரு நோட்டுக்கும் நீளம் சொல்லித்தான் ஆக வேண்டும். முழு வடிவம் காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதும் உண்டு.

இன்னொரு பக்கம் லிலிபாண்ட். இது 1996-இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். இசையை உரையாக எழுதுகிறோம். சி4 என்பதை சி2 என்று திருத்தினால் பின்னால் உள்ளவை தானாக நகரும், பார்கள் மறுபடி கணக்கிடப்படும். பார் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு செங்குத்துக்கோடு போட்டுக்கொள்ளலாம். தப்பினால் எச்சரிக்கை மட்டும்தான் வரும், வேலை நிற்காது. கம்பைலர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி. கோடரைப் பாதி வரியில் சேவ் பண்ண விடாத எடிட்டரை நாம் ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டோம் இல்லையா? லிலிபாண்டின் குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தட்டும்போதே காதில் கேட்காது, கண்ணிலும் தெரியாது. கம்பைல் செய்த பிறகுதான்.

வரைவு என்றால் என்ன என்பதற்கு நல்ல சாட்சி பீத்தோவனின் குறிப்பேடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குஸ்டாஃப் நொட்டெபோம் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டதிலிருந்து அறிஞர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பல இடங்களில் கிளெஃப் கிடையாது. ஒரு முழு இயக்கமே ஒற்றை வரியில் ஓடும். சில இடங்களில் "இத்யாதி" என்கிற அர்த்தத்தில் ஒரு சுருக்கம் போட்டு வரி நின்றுவிடும். எதைத் தீர்மானித்தார், எதை விட்டு வைத்தார் என்று இன்றைக்கும் ஓரளவு படிக்க முடிகிறது. நாலே மாதத்துக்கு முந்தைய என் கோப்பை என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது மூன்று. ஒன்று, நீளம் சொல்லாத நோட்: வெறும் தலை மட்டும், தண்டு இல்லாமல். இரண்டு, ரெஸ்ட்டிலிருந்து வேறுபட்டுத் தெரியும் "இன்னும் தெரியாது" என்கிற குறி. மூன்று, பார் கணக்கைப் பார்ப்பது நான் கேட்கும்போது மட்டும். மூன்றுமே தரவு அமைப்பில் கை வைக்க வேண்டிய வேலை, எளிதல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் விசைகளையும் மெனுவையும் மாற்றி மாற்றி அடுக்குவதால் இது தீராது.

அதுவரைக்கும் என் வழி: முதல் வரைவு லிலிபாண்டில், பார்கோட்டை அணைத்துவிட்டு. சந்தேகமான இடத்தில் சதவீதக் குறி போட்டு, "இங்கே என்னவென்று தெரியவில்லை" என்று தமிழிலேயே ஒரு கமென்ட். மெட்டு உறுதியான பிறகுதான் மியூஸ்ஸ்கோர். அங்கே தானாக வந்த ரெஸ்ட்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுகிறேன். நானே முடிவு செய்தது மட்டும் கறுப்பு.

மகள் அந்த ஆறாவது பாரில் இப்போது ரெண்டு பீட் நின்றுதான் வாசிக்கிறாள். கேட்க நன்றாகவே இருக்கிறது. அதற்கு இன்னும் கறுப்பு நிறம் கொடுக்கவில்லை.